நெசியன்ஸ்: இக்னரன்ஸ் இருக்கும்போது இந்தச் சொல் எதற்கு?

கேள்வி

வணக்கம். மருத்துவ வரலாறு பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாற்பது பக்கம் தடையில்லாமல் ஓடியது, ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். நெசியன்ஸ். ஆங்கிலத்தில் என், இ என்று இரண்டு எழுத்து போட்டு, அதை ஒட்டியே சயன்ஸ் என்று எழுதினால் அந்தச் சொல் வந்துவிடும். கிருமிகளைப் பற்றித் தெரியாத காலத்தில் பிரசவம் பார்த்த மருத்துவர்களைச் சொல்லும் இடத்தில் வருகிறது.

அகராதி 'அறியாமை' என்கிறது. இக்னரன்ஸுக்கும் அதையேதான் சொல்கிறது. 'மருத்துவர்களின் அறியாமைக்குத் தாய்மார்கள் பலியானார்கள்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால், 'மூலத்தில் இவ்வளவு கோபம் இருக்கிறதா?' என்று கேட்டிருக்கிறார். இல்லை, மூலம் அவர்களைப் பரிவோடுதான் பார்க்கிறது. இந்த இரண்டு சொல்லுக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா?

பதில் 1

உண்டு. நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள்.

முதலில் உச்சரிப்பு. எழுத்தில் சயன்ஸ் தெரிந்தாலும் வாயில் அது வராது. நெசியன்ஸ் என்பார்கள், அமெரிக்கர்கள் நெஷியன்ஸ் என்றும் சொல்வார்கள். லத்தீனில் 'ஸ்கிரே' என்றால் அறிதல், முன்னால் வரும் 'நெ' அதை மறுக்கிறது. நம் 'அறியாமை'யும் இதே கட்டுமானம்தான்: அறி, நடுவில் மறுக்கும் ஆ, கடைசியில் மை. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்றை நாம் தினமும் சொல்கிறோம், நைஸ். 'அறியாதவன்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்தான் பிரெஞ்சு வழியாக நைஸ் ஆயிற்று. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அதற்கு 'அசட்டுத்தனமான' என்றே பொருள், 'இனிய' என்பது 18-ஆம் நூற்றாண்டில் ஏறியது. இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, வேறுபாட்டுக்கு வருகிறேன். 13-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ் இரண்டையும் பிரித்துவிட்டார். வெறுமனே அறிவு இல்லாத நிலை நெசியன்ஸ். அறிந்துகொள்ளும் இயல்பு இருந்தும் அறியாமல் இருப்பது இக்னரன்ஸ். பழி இரண்டாவதன் மேல்தான் விழ முடியும். அதிலும், அறிந்துகொள்ள வேண்டியதை அறியாமல் விட்டால்தான்.

உங்கள் கட்டுரைக்கே பொருந்தும் உதாரணம் இருக்கிறது. 1847, வியன்னா. பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பிரசவ அறைக்குப் போனார்கள். அந்த ஏப்ரலில் செம்மெல்வைஸ் என்ற மருத்துவர் பணியாற்றிய பிரிவில் பிள்ளை பெற்றவர்களில் சுமார் 18 விழுக்காட்டினர் இறந்தார்கள். மே மாதம் அவர் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஜூனில் இறப்பு சுமார் 2 விழுக்காடு. மே மாதத்துக்கு முன் இருந்தது நெசியன்ஸ். இந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகும் 'நாங்களா அழுக்கான கைக்காரர்கள்?' என்று முகம் திருப்பினார்களே, அவர்களிடம் இருந்தது இக்னரன்ஸ். அதே கை, அதே அறை, இரண்டு வெவ்வேறு சொல்.

தமிழில் பெயர்ச்சொல்லைத் தேடி அலையாதீர்கள். குழந்தை எதையாவது உடைத்துவிட்டால் 'அறியாப் பிள்ளை, விடுங்கள்' என்கிறோம். அதில் கோபம் இருக்கிறதா? 'அறிவு கெட்டவன்' என்று சொல்லிப் பாருங்கள், பொறி பறக்கும். 'அறியாமை' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 'அறியாமைக்குப் பலியானார்கள்' என்றதும் அது திட்டும் பக்கம் சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான். 'அறியாத', 'அறியாமல்' என்று வினையோடு ஒட்டி எழுதினால் பழி தானாக இறங்கிவிடும்.

பதில் 2

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். 1847-க்கு முன் எல்லாமே நெசியன்ஸ் என்று கோடு போட முடியாது. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் மருத்துவர் அலெக்சாண்டர் கோர்டன் 1795-லேயே, பிரசவக் காய்ச்சலை மருத்துவர்களும் மருத்துவச்சிகளும்தான் வீட்டுக்கு வீடு கொண்டுபோகிறார்கள் என்று எழுதினார், தானும் கொண்டுபோனதாக ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் மருத்துவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் 1843-ல் அதையே வாதாடினார். படித்தும் தள்ளியவர்களுக்கு நெசியன்ஸ் என்ற சலுகை கிடையாது. ஆகவே கட்டுரை எந்த ஆண்டு மருத்துவர்களைச் சொல்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைப் போடுங்கள்.

பதில் 3

இந்தச் சொல் வேறு எங்கே வரும் என்று ஒரு வார்த்தை. வேதாந்த நூல்களின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அவித்யை, அதாவது மெய்ப்பொருளை மறைக்கும் அறியாமை, என்பதற்கு இதைப் போட்டிருப்பார்கள். சங்கரரின் பிரம்ம சூத்திர உரையை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலமாக்கிய ஜார்ஜ் திபோ அப்படித்தான் செய்தார். அங்கே 'அறியாத' என்று இளக்கினால் பொருள் கெடும், அவித்யை என்றே விட்டுவிட வேண்டும். அப்புறம், பேச்சில் இதை யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலேயே பலருக்கு அகராதி வேண்டியிருக்கும் சொல் இது.

கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. மூலத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பத்தி 1700-களின் நடுப்பகுதியைச் சொல்கிறது, கோர்டனுக்கும் முந்திய காலம். இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: 'தங்கள் கைகளில் இருப்பது என்னவென்று அறியாமலே அவர்கள் பிரசவம் பார்த்தார்கள். தாய்மார்கள் இறந்தார்கள்.' ஒரு வாக்கியம் இரண்டாகிவிட்டது, பரவாயில்லை. அடுத்த பக்கத்தில் செம்மெல்வைஸின் பேச்சைக் கேட்காதவர்கள் வருகிறார்கள். அங்கே மூலத்திலும் சொல் மாறியிருக்கிறது, இக்னரன்ஸ் என்று. முதல் தடவை நான் அதைக் கவனிக்கவே இல்லை. 'அறியாமை' என்ற சொல்லை அந்தப் பக்கத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன்.