ஆர்சிங்க் ஓடி முடிந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருப்பது எது? அனுபவம் சொல்லுங்கள்

கோப்புக்காரன்

மேக்கில் இருந்து லினக்ஸ் சர்வருக்கு ஆர்சிங்க் (ரெண்டு இடத்து ஃபைல்களை ஒன்றாக்கும் நகல் கருவி), -ஏ (அனுமதி, நேரம், ஓனர் உட்பட நகலெடு), --டெலீட் (மூலத்தில் இல்லாததை இலக்கில் அழி). ரெண்டு பக்கமும் ஏற்கெனவே ஒன்றாகவே இருக்கவேண்டிய ஃபோல்டர்கள். -என் -ஐ போட்டு, மாற்றங்களைப் பட்டியலிட மட்டும் செய்யும் ஒத்திகை ஓட்டினால் திரையில் இது வருகிறது:

*டெலீட்டிங் போட்டோக்கள்/
சிடி+++++++++ போட்டோக்கள்/

நடுவே நூற்றுக்கணக்கான ஃபைல் வரிகள். அழிக்கப்போவதும் போட்டோக்கள், புதிதாக உருவாக்கப்போவதும் போட்டோக்கள். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாலும் வித்தியாசம் கிடையாது. அதே ஓட்டத்தில் "படங்கள்", "கடிதம்" ரெண்டும் சத்தமில்லாமல் கடந்து போயின. "தொகுப்பு", "கோயில்" மாட்டிக்கொண்டன.

காரணம் ஒகர, ஓகர, ஔகரக் குறிகள். யூனிகோடில் 'ோ' ஒரே குறியாகவும் வரலாம், அப்போது 3 பைட்டு. 'ே', 'ா' என்று பிரிந்தும் வரலாம், அப்போது 6 பைட்டு. கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயரைச் சேமிக்கும்போதே பிரித்துப் போட்டுவிடும். அதற்குப் பின் வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை, ஆனால் பழைய டிஸ்கில் இருந்து வந்த பெயர்கள் பிரிந்தபடியேதான் இருக்கும். லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, ஆகவே அதன் கணக்கில் இவை வெவ்வேறு ஃபோல்டர்கள். --டெலீட் இல்லாமல் ஓட்டினால் ஒரே பெயரில் ரெண்டு ஃபோல்டர் அருகருகே நிற்கும். போட்டு ஓட்டினால் எல்லாம் முதலில் இருந்து மறுபடி ஏறும்.

தீர்வு: மேக்கில் இருந்து ஓட்டும்போது, பெயரின் வடிவத்தை மாற்றி அனுப்பும் --ஐகான்வ்=யுடிஎஃப்-8-மேக்,யுடிஎஃப்-8. முதலில் நம் பக்கம், கமாவுக்குப் பிறகு எதிர்ப்பக்கம். அனுப்பினாலும் இழுத்தாலும் இந்த வரிசை மாறாது. இந்த ஆப்ஷன் வந்தது ஆர்சிங்க் 3.0.0இல், அதாவது 2008இல். மேக்கோடு வெகுகாலம் வந்துகொண்டிருந்தது 2.6.9, அதற்கு இது தெரியாது. தனியாகப் புதிய பதிப்பு போட்டுக்கொள்ள வேண்டும்.

இரவுக்கிரான்

மேலே சொன்னதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கு. கிரான்ல (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டுற வசதி) ஓடுற ஆர்சிங்க் லாகைத் திறந்து பாருங்க. தமிழ்ப் பெயர் ஒண்ணுகூட தமிழா இருக்காது:

\#340\#256\#252\#340\#257\#213

இதுதான் "போ". கிரானுக்கு லோகேல் (மொழி செட்டிங்) எதுவும் செட் ஆகலைன்னா, ஆஸ்கி அல்லாத ஒவ்வொரு பைட்டையும் ஆக்டல் எண்ணா மாத்தி எழுதிடும். பார்க்கிறவங்க ஃபைல் பெயரே கெட்டுப்போச்சுன்னு பதறுவாங்க. டிஸ்க்ல பெயர் பத்திரமா இருக்கு, லாக் மட்டும்தான் இப்படி.

இப்போ அதே "போ" பிரிஞ்ச வடிவத்துல:

\#340\#256\#252\#340\#257\#207\#340\#256\#276

213 வந்தா சேர்ந்த ஓகாரம். 207க்கு அப்புறம் 340, 256, 276 வந்தா பிரிஞ்சது. டெர்மினல்ல வேணும்னா கட்டளைக்கு முன்னாடி எல்சி_ஆல்=சி போட்டு -என் -ஐ ஓட்டினா இதே மாதிரி கக்கும். லாக் தமிழ்லயே வேணும்னா -8 ஆப்ஷன். நான் கிரான்ல -8 போடமாட்டேன், இந்த அசிங்கமான லாக்தான் உண்மையைச் சொல்லுது.

நேர்கோடு

இவ்வளவு எதுக்கு? -சி போட்டு ஓட்டினா செக்சம் (உள்ளடக்கத்துல இருந்து கணக்கிடுற எண்) பார்த்து ஒரே ஃபைல்னு கண்டுபிடிச்சிடுமே.

வட்டுவாசி

கண்டுபிடிக்காது, நேர்கோடு. ஆர்சிங்க் முதலில் ஜோடி சேர்ப்பது பெயரை வைத்து. ஒரே பெயரில் எதிர்ப்பக்கம் ஃபைல் இருந்தால்தான் அளவும் நேரமும் பார்க்கும், -சி இருந்தால் அளவு ஒத்துப்போன பிறகு செக்சம் பார்க்கும். பெயரே வேறு என்றால் ஒப்பிட ஆளே இல்லை. பெயர் மாறியது என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. --ஃபஸ்ஸி என்று ஒன்று உண்டு, அதே டைரக்டரிக்குள் ஒத்த ஃபைலைத் தேடும். டைரக்டரி பெயரே மாறியிருந்தால் அதுவும் கைவிரித்துவிடும்.

-சி என்றால் ரெண்டு பக்கமும் முழு டிஸ்கையும் படிக்க வேண்டும். 2 டெராபைட், நொடிக்கு 150 மெகாபைட் படிக்கிற டிஸ்க் என்றால் மூன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு பைட்கூட அனுப்பாமலே. அனுப்பிய ஃபைல் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை -சி இல்லாமலே ஆர்சிங்க் முழு ஃபைல் செக்சம் வைத்துச் சரிபார்க்கிறது. அதற்காக யாரும் இதைப் போட வேண்டாம்.

என்னை உறுத்துவது ஃபேட்32 பென்டிரைவ். எதையும் மாற்றவில்லை, ஆனாலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கிட்டத்தட்ட பாதி ஃபைல்கள் மட்டும் திரும்பத் திரும்ப ஏறின. -ஐ வரியில் 'டி' ஒன்றுதான், அதாவது நேரம் மட்டும் வேறு. ஃபேட் நேரத்தை 2 நொடி படியில் வைக்கிறது. ஒற்றைப்படை நொடியில் சேமித்த ஃபைல் எல்லாம் என்றைக்கும் "மாறியது"தான். 1 நொடி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாத --மாடிஃபை-விண்டோ=1 போட்டதும் அடங்கியது.

ஃபேட் வைப்பது உள்ளூர் நேரம். நேர மண்டல செட்டிங் மாறினால் அத்தனை ஃபைலும் மணிக்கணக்கில் தள்ளிப்போய் நிற்கும். அப்போது ஒரே ஒரு தடவை -ஆர்டி (உள் ஃபோல்டர்களும் நேரமும்) --சைஸ்-ஒன்லி (அளவை மட்டும் ஒப்பிடு) ஓட்டினால் தரவை அனுப்பாமல் நேரத்தை மட்டும் திருத்திவிடும். அதிலும் ஒரு கொக்கி: உள்ளே மாறி, அளவு மட்டும் மாறாத ஃபைல் ஏதாவது இருந்தால் அதற்கும் புது நேரம் ஒட்டிவிடும். அதன்பின் சாதாரண ஓட்டம் அதைத் தொடவே தொடாது. அந்த மாதிரி ஃபைல் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மட்டும் -சி.

ஃபேட்டுக்கு -ஏ வேண்டாம். ஓனரை மாற்ற முடியவில்லை என்று வரிசையாகப் புலம்பி எக்சிட் கோட் 23இல் முடியும். -ஆர்டி போதும்.

காலிமவுண்ட்

நம்ம கதை சின்னது. மூல டிஸ்க் ரீபூட்டுக்கு அப்புறம் மவுண்ட் ஆகலை, அதாவது /டேட்டாவோட இணையலை. /டேட்டா காலி டைரக்டரி. கிரான் சரியான நேரத்துக்கு --டெலீட்டோட ஓடிச்சு. எக்சிட் கோட் 0, அதாவது பிழை இல்லை. ஆர்சிங்க் பார்வையில இது ரொம்ப வெற்றிகரமான ஓட்டம்: மூலம் காலி, இலக்கும் காலி.

படிக்க முடியாம பிழை வந்தா ஆர்சிங்க் தானாவே அழிக்கிறதை நிறுத்திடும். ஆனா காலி டைரக்டரி பிழை இல்லையே. அதனால --மேக்ஸ்-டெலீட்=100 போடுங்க, எதையும் அழிக்காம நின்னுடும்.

வட்டுவாசி

நிற்காது. 100 ஃபைலை அழித்துவிட்டு அதற்கு மேல்தான் நிறுத்தும், முடிவில் கோட் 25 கொடுக்கும். அதாவது சேதத்துக்கு வரம்பு, தடுப்பு அல்ல. தடுப்பு வேண்டுமென்றால் ஸ்கிரிப்ட்டில் ஆர்சிங்குக்கு முந்தைய வரியாக:

மவுண்ட்பாயின்ட் -க்யூ /டேட்டா || எக்சிட் 1

டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். இலக்குக்கும் இதே வரி வேண்டும். பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருந்தால் மொத்தமும் ரூட் பார்ட்டிஷனில் போய்க் கொட்டி, இடம் தீர்ந்து, மற்ற சர்வீஸ்களும் சேர்ந்து விழும்.

கூடவே --பேக்கப் --பேக்கப்-டிர்=../அகற்றியவை. அழிக்கிற ஃபைலும், மேலெழுதப்படுகிற பழைய ஃபைலும் அங்கே நகரும். இந்தப் பாதை இலக்கை வைத்துக் கணக்கிடப்படும். இலக்குக்கு வெளியே, ஆனால் அதே ஃபைல் சிஸ்டத்தில் வையுங்கள். அப்போதுதான் நகர்த்துவது வெறும் பெயர் மாற்றமாக முடியும். உள்ளே வைத்தால் அடுத்த --டெலீட் அதையே குப்பை என்று நினைக்கும்.

ஸ்கிரிப்ட்டில் எக்சிட் கோடுகளையும் பிரித்துப் பாருங்கள். 24 என்றால் பட்டியல் எடுத்த பிறகு ஏதோ ஃபைல் காணாமல் போனது, மெயில் ஸ்பூல் மாதிரி இடத்தில் சகஜம், விட்டுவிடலாம். 23 என்றால் சில ஃபைல் போகவில்லை, லாகைப் படிக்கத்தான் வேண்டும். 11 பெரும்பாலும் இடம் தீர்ந்தது. 12 (ரெண்டு பக்கப் பேச்சில் கோளாறு) வந்தால் எதிர்ப்பக்க ஷெல்லை ஒரு பார்வை பாருங்கள். பாஷ்ஆர்சியில் (ஷெல் தொடங்கும்போது படிக்கும் ஃபைல்) யாராவது ஒரு எக்கோ வரியை வைத்திருந்தால் அது ஆர்சிங்கின் பேச்சுக்கு நடுவே போய்க் கலந்து, புரோட்டோகால் பொருந்தவில்லை என்று வேறு மாதிரியும் முறையிடும். சோதனை: எஸ்எஸ்ஹெச் வழியாக அங்கே /பின்/ட்ரூ ஓட்டி, வெளியீட்டை ஒரு ஃபைலில் பிடியுங்கள். அந்த ஃபைல் 0 பைட்டு இருக்க வேண்டும்.

காலிமவுண்ட்

கேட்டது அனுபவம், கிடைச்சது கையேடு. ஆனா அந்த மவுண்ட்பாயின்ட் வரி சரி, எடுத்துக்கறேன்.

நேர்கோடு

சாய்கோட்டை யாரும் சொல்லலையே? மூலம்/ன்னா உள்ளே இருக்கிறது மட்டும், மூலம்ன்னா ஃபோல்டரோட. இதைத் தப்பிக்க சிலர் மூலம்/* போடறாங்க, அது இன்னும் மோசம். நட்சத்திரத்தை விரிக்கிறது ஷெல், அதனால புள்ளியில தொடங்குற மறைவு ஃபைல் போகாது. மேல்மட்டத்துல --டெலீட்டும் வேலை செய்யாது.

பழையநகல்

லிங்க்-டெஸ்ட் வைத்துத் தினசரி நகல் எடுக்கிறவர்களுக்கு. எதிர்பார்ப்பு: மாறாத ஃபைல் நேற்றைய நகலுக்கு ஹார்ட்லிங்க் (அதே தரவுக்கு இன்னொரு பெயர்) ஆகும், இடம் பிடிக்காது. நடந்தது: டிஎஃப் பார்த்தால் ஒவ்வொரு இரவும் காலி இடத்தில் மொத்த அளவும் அப்படியே குறைகிறது. நகல்கள் திறக்கின்றன, ஃபைல்கள் சரி, புகார் சொல்ல ஒன்றுமில்லை.

கட்டளையில் இருந்தது --லிங்க்-டெஸ்ட்=நேற்று. சார்புப் பாதை கொடுத்தால் அது நாம் நிற்கிற இடத்தில் இருந்து இல்லை, இலக்கு டைரக்டரியில் இருந்து கணக்காகும். இலக்கு /பேக்கப்/இன்று/ என்றால் அது தேடுவது /பேக்கப்/இன்று/நேற்று. அப்படி ஒன்று இல்லை என்று ஒரே ஒரு வரி எச்சரிக்கை எழுதிவிட்டு முழு நகல் எடுக்கத் தொடங்கிவிடும். --லிங்க்-டெஸ்ட்=../நேற்று என்றோ, முழுப் பாதையோ கொடுங்கள்.

சரிபார்க்க, மாறாத ஒரு ஃபைலுக்கு எல்எஸ் -எல்ஐ. ரெண்டு நகலிலும் ஐநோட் எண் (டிஸ்கில் ஃபைலின் அடையாள எண்) ஒன்றாக இருக்க வேண்டும், லிங்க் எண்ணிக்கை 1 என்று நின்றால் லிங்க் ஆகவில்லை. டியூவில் அளவு பார்ப்பதானால் ரெண்டு டைரக்டரியையும் ஒரே கட்டளையில் கொடுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ரெண்டுக்கும் முழு அளவைச் சொல்லும்.

இன்னொன்று. உள்ளடக்கம் அப்படியே இருந்து, அனுமதி மட்டும் மாறினாலும் லிங்க் ஆகாது. ஹார்ட்லிங்க் என்றால் ஒரே ஐநோட், அதில் ரெண்டு விதமான அனுமதி வைக்க முடியாது. மூலத்தில் யாரோ சிமாட் -ஆர் அடித்த இரவில் பேக்கப் டிஸ்க் நிரம்புவது இதனால்தான்.

சிபி -ஏஎல் போட்டு, ஹார்ட்லிங்காகவே நகலெடுத்துப் பழைய முறையில் சுழற்றுகிறவர்கள் --இன்ப்ளேஸ் பக்கம் போகவே கூடாது. அது அதே ஐநோட்டுக்குள் எழுதும், பழைய நகல்கள் எல்லாமே இன்றைய ஃபைலாக மாறிவிடும்.

கோப்புக்காரன்

இரவுக்கிரான், 213ஐயும் 207ஐயும் வைத்துத் தேடினேன், சர்வரிலேயே ரெண்டு வடிவமும் கலந்து கிடக்கிறது. --ஐகான்வ் இனி வருவதைத்தான் சரிசெய்யும். ஏற்கெனவே இருப்பதற்கு என்ன வழி?

இரவுக்கிரான்

கான்வ்எம்வி, ஃபைல் பெயரோட வடிவத்தை மாத்துற கருவி. -எஃப் யுடிஎஃப்8 -டி யுடிஎஃப்8 --என்எஃப்சி -ஆர், அப்புறம் டைரக்டரி பெயர். சும்மா ஓட்டினா என்ன செய்யப்போகுதுன்னு மட்டும் காட்டும், --நோடெஸ்ட் சேர்த்தாதான் பெயரை மாத்தும். சேர்ந்த வடிவத்துல அதே பெயர் ஏற்கெனவே இருந்தா மேலெழுதாது, விட்டுட்டுப் போயிடும். அந்த ஜோடிகளை மட்டும் நீங்களே பார்த்து ஒண்ணாக்கணும். இதை முடிச்சிட்டு அப்புறம் ஆர்சிங்க், இல்லைன்னா மொத்தமும் மறுபடி ஏறும்.