பவளப்பாறை வெளுப்பதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் காட்ட வழி உண்டா?

முத்துச்சிப்பி:
மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை ஆய்வுக் குழுவில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு பள்ளியில் கண்காட்சி வைத்தோம். வெப்பநிலை வரைபடம், 2016இல் பாறைகள் வெளுத்தபோது எடுத்த படங்கள் எல்லாம் ஒட்டியிருந்தோம், பிள்ளைகள் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பக்கத்து அறைக்குத் தண்ணீர் ராக்கெட் விடப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் நின்று "இது கல்லா, செடியா?" என்று கேட்டாள். பவளம் ஒரு விலங்கு, அதன் நிறத்தில் பெரும்பங்கு உள்ளே குடியிருக்கும் நுண்பாசியால் வருவது, கடல் சூடேறினால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். இதைக் கையால் தொட்டு விளையாடுகிற மாதிரி செய்ய முடியுமா?

ஊசிநூல்:
குரோஷா பின்னத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர் ஹைபர்போலிக் பரப்பை, அதாவது நடுவிலிருந்து விலக விலக ஓரம் மிகுதியாக விரிந்துகொண்டே போகும் வளைந்த பரப்பை, நூலில் பின்னிக் காட்டினார். ஐந்து கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போங்கள், சில வரிசையிலேயே ஓரம் தட்டையாகப் படியாமல் கோழிக்கொண்டைப் பூ மாதிரி சுருண்டுகொள்ளும். பல பவளங்களின் வடிவமும் அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005இல் லாஸ் ஏஞ்சலிஸில் நூலால் பவளத்திட்டு பின்னத் தொடங்கினார்கள், அப்புறம் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வெறும் வெள்ளை நூலில் வெளுத்த பாறையும் பின்னினார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பின்னிய பிள்ளை அதை லேசில் மறக்காது.

வண்ணக்குடம்:
சூட்டில் நிறம் போகிற பெயிண்ட் கிடைக்கிறது, 31 டிகிரிக்கு மேல் நிறமிழக்கும் வகையே இருக்கிறது. களிமண்ணில் பவளம் செய்து, வெள்ளை அடித்து, மேலே இதைப் பூசுங்கள். உள்ளங்கையை வைத்து எடுத்தால் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருக்கும். ஒன்று கவனம், மே மாதத்தில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் வைத்தால் யாரும் தொடுவதற்கு முன்பே எல்லாம் வெளுத்துக் கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் வையுங்கள்.

அலைவாய்க்கரை:
யோசனை அருமை, ஆனால் கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பிவிடுமே. கடலில் அப்படி இல்லை. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி அது சில வாரம் நீடித்தால் வெளுக்கிறது. தணிந்தால் தேறலாம், அதற்கு மாதக்கணக்கு ஆகும். தணியாவிட்டால் செத்துப்போகும். தொட்டால் வெளுக்கும், விட்டால் சரியாகிவிடும் என்று பிள்ளை நினைத்துக்கொண்டு போனால் நாம் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

முத்துச்சிப்பி:
சரியாகச் சொன்னீர்கள், இது எனக்குத் தோன்றவே இல்லை. இப்படிச் செய்யலாமா? பெயிண்ட் பூசாமல், பவளத்தில் சின்னக் குழிகள் வைத்து அதில் பாசிக்குப் பதில் வண்ண மணிகளை நிரப்புவது. பிள்ளைகள் சீட்டு எடுக்க வேண்டும், ஒவ்வொரு சீட்டும் ஒரு வாரம். வெப்ப வாரம் வந்தால் ஐந்து மணியை எடுத்துவிட வேண்டும், குளிர்ந்த வாரம் வந்தால் ஒன்றே ஒன்றைத்தான் திரும்ப வைக்கலாம். எங்கள் வெப்பமானிப் பதிவுகளையே சீட்டாக எழுதிவிடுகிறேன். ஊசிநூல் அக்கா, அந்த ஐந்து கண்ணிக்கு ஒன்று கூட்டும் பின்னல் கணக்கை ஒரு படம் போட்டு அனுப்ப முடியுமா?