சூக்குயான் கதையில் வெள்ளிக் கத்திக்கு என்ன வேலை?

செங்காந்தள்:
இங்கே பகிரப்பட்ட, கரீபியத் தீவான டிரினிடாடில் நடக்கும் சிறுகதை பற்றி. படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: 1900 வாக்கில் ஒரு கொக்கோ தோட்டம். ஊர் எல்லையில் தனியாக வாழும் கிழவி இரவில் தோலைக் கழற்றிவிட்டு நெருப்புப் பந்தாகப் பறந்து, சாவித் துவாரம் வழியே நுழைந்து, தூங்குபவர்களின் ரத்தத்தை உறிஞ்சுகிறாள். இவள்தான் சூக்குயான். ஒருவன் வாசலில் ஒரு பிடி அரிசியை இறைக்கிறான். விடியும்வரை அவள் பொறுக்குகிறாள். ஓபியா (கரீபிய மாந்திரீகம்) செய்யும் மந்திரவாதி, பாரன் சாமெதி என்ற தெய்வத்தை அழைத்து உருவேற்றிக் கொடுத்த வெள்ளிக் கத்தியால் அவன் அவளைக் குத்திக் கொல்கிறான்.

வெள்ளி, ஐரோப்பிய ஓநாய்மனிதக் கதைகளின் சரக்கு. சூக்குயானின் முடிவு அவள் தோலில்தான் இருக்கிறது. கழற்றிய தோலை உரலுக்குள் ஒளித்து வைப்பாள். அதைத் தேடிப் பிடித்து, உள்பக்கம் கல்லுப்பும் மிளகும் தேய்த்து, இருந்த இடத்திலேயே இருந்தபடி வைத்துவிட வேண்டும். இடம் மாறினால் உஷாராகிவிடுவாள். திரும்பி வந்து மாட்டும்போது எரியும். "தோலே, என்னைத் தெரியலையா?" என்று கெஞ்சுவாள். அதற்குள் விடிந்துவிடும், அவள் கதை முடியும். அவளை யாரும் தொடுவதே இல்லை, அவள் உடம்பே அவளை ஏற்க மறுக்கிறது. கத்தியால் குத்தினால் இது அத்தனையும் போய்விடுகிறது. என் கட்சி இதுதான்: மரபு வைத்த விதியில் கை வைக்கக் கூடாது.

நெய்தல்:
எந்த ஊர் விதி? அமெரிக்காவின் தென்கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கல்லா மக்களிடம் இவளுக்கு ஒரு சகோதரி உண்டு, பூ ஹேக். அவளும் தோலைக் கழற்றுகிறவள்தான். ஆனால் தூங்குபவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சை உறிஞ்சுவாள். அங்கே அரிசி இல்லை, கட்டிலோரம் துடைப்பத்தைச் சாத்தி வைப்பார்கள். அதன் குச்சிகளை எண்ணாமல் அவளால் நகர முடியாது. அவள் அண்டாமலிருக்கத் திண்ணைக் கூரைக்கு நீலம் பூசுவார்கள். அந்த வர்ணத்தில் சுண்ணாம்பும் பாலும் அவுரி நீலமும் சேரும். 18-ஆம் நூற்றாண்டில் அந்த அவுரியைப் பயிரிட்டுத் தொட்டிகளில் ஊறவைத்துச் சாயம் எடுத்தவர்கள் அடிமைகள். (இதை வைத்தே தனியாக ஒரு கதை எழுதலாம்.)

டிரினிடாடும் கலப்பில் உருவான இடம்தானே? 1783-இல் ஸ்பானிய அரசு கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு நிலம் தருவதாக அறிவித்த பிறகு பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் தங்கள் அடிமைகளோடு அங்கே குவிந்தார்கள். ஐரோப்பியப் பேய்க்கதைகளும் அதே கப்பலில் வந்து இறங்கின. வாய்மொழிக் கதைக்கு மூலப்பிரதி கிடையாது. அடுத்த மாற்றத்தை இன்றைய எழுத்தாளர் செய்தால் மட்டும் ஏன் குற்றம்?

செங்காந்தள்:
நீங்கள் சொன்ன உதாரணம் என் பக்கம்தான் சாய்கிறது. அரிசி போய்த் துடைப்பம் வந்தது, ஆனால் "எண்ணி முடிக்காமல் நகர முடியாது" என்பது இரண்டு ஊரிலும் அப்படியே நிற்கிறது. பொருள் மாறலாம், கட்டு மாறாது. வெள்ளிக் கத்தி எந்தக் கட்டையும் சேர்ந்ததில்லை.

மாறன்:
விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும், அரிசிக் கணக்கே இடிக்கிறது. ஆயிரம் அரிசி ஏறக்குறைய 20 முதல் 25 கிராம். ஒரு பிடி 40 கிராம் என்றால் 2,000 அரிசிக்கு மேல் இருக்காது. ஒன்றைப் பொறுக்க இரண்டு விநாடி என்றாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். நள்ளிரவில் தொடங்கினால் மணி இரண்டாவதற்குள் முடித்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுவாள். விடியற்காலை ஆறு மணிவரை நிறுத்தி வைக்கக் கிட்டத்தட்ட 11,000 அரிசி வேண்டும், அதாவது கால் கிலோ.

வாசகர் எண்ணிப் பார்க்க மாட்டார், ஆனால் அந்தக் கால் கிலோ கதைக்குள் வேலை செய்யும். தோட்டக் கூலி வீட்டில் அது ஒரு வேளைச் சோறு. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தாய் அதை மண்ணில் கொட்டுகிறாள். பயம் எவ்வளவு என்று அந்த ஒரு செய்கை சொல்லிவிடும். ஒரு பிடியில் அந்தக் கனம் இல்லை.

தாழை:
உப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. கரீபியத் தோட்டங்களில் அடிமைகளுக்கு அளந்து கொடுக்கப்பட்டது உப்புக் கருவாடு. உப்பு தின்னாதவர்கள் ஆப்பிரிக்காவுக்குப் பறந்து திரும்பிவிட்டார்கள், தின்றவர்கள் மண்ணோடு கட்டுப்பட்டார்கள் என்ற நம்பிக்கை ஜமைக்கா உட்படப் பல இடங்களில் உண்டு. ஹைட்டியில், எழுப்பி அடிமையாக்கப்பட்ட பிணமான ஜோம்பிக்கு உப்பைக் கொடுத்தால் தன் நிலை உணர்ந்து தன் கல்லறையைத் தேடிப் போய்விடும் என்பார்கள். அதனால்தான் எஜமானன் அதற்கு உப்பில்லாமல் சோறு போடுவான். சூக்குயானின் தோலில் தேய்ப்பதும் அதே உப்பு. அதைத் தூக்கிவிட்டுக் கத்தியை வைப்பவர் எதை இழக்கிறார் என்று தெரிந்து இழக்க வேண்டும்.

நெய்தல்:
கத்தியை விட்டுவிடுகிறேன், அது சோம்பலில் வந்த கத்தி. ஆனால் தாழை, ஒரே உப்பு ஓரிடத்தில் கட்டுகிறது, ஓரிடத்தில் விடுவிக்கிறது, ஓரிடத்தில் எரிக்கிறது. நான் கேட்கும் சுதந்திரம் இங்கேதான். இப்படி எழுதுங்கள்: கிழவி வாழ்நாள் முழுக்க உப்பைத் தொடாதவள். அவள் பறப்பதே அதனால்தான். ரத்தத்துக்காக இல்லை, கடலுக்கு அப்பால் போக ஒவ்வொரு இரவும் முயன்று பாதியில் திரும்புகிறாள். ஊர் அவளைச் சூக்குயான் என்று முடிவு கட்டித் தோலில் உப்பைத் தேய்க்கிறது. இந்தக் கதை எந்த ஊர் மரபிலும் கிடையாது. எழுதலாமா, கூடாதா?

செங்காந்தள்:
எழுதலாம். அதில் ஒவ்வொரு விதியும் அதன் வேலையைச் செய்கிறது. நான் எதிர்ப்பது விதி தெரியாமல் எழுதுவதை. ஆனால் பாரன் சாமெதி விஷயத்தில் இம்மியும் இறங்க மாட்டேன். அவர் ஹைட்டி மக்களின் வூடு வழிபாட்டில் கல்லறைத் தெய்வம். டிரினிடாடில் வேரூன்றியது வேறொன்று, மேற்கு ஆப்பிரிக்க யொரூபா தெய்வங்களின் ஒரிஷா வழிபாடு. ஹைட்டிச் சடங்கிலேயேகூட முதல் வணக்கம் வாசல் காக்கும் லெக்பாவுக்கு. அவர் வழி திறக்காமல் வேறு தெய்வம் இறங்காது. மக்காச்சோள மாவில் தரையில் கோலம் வரைந்து, பாட்டும் மேளமுமாக அழைப்பார்கள். ஒரு வரி மந்திரத்தில் பாரன் வந்து கத்தியில் உட்கார மாட்டார்.

சூக்குயானுக்குக் கோயில் இல்லை, லெக்பாவுக்கு இன்றும் பக்தர்கள் இருக்கிறார்கள். 1941-இல் ஹைட்டியில் கத்தோலிக்கத் திருச்சபை மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் மேளங்களையும் பீடங்களையும் அழித்தது. 2003-இல்தான் அரசு வூடுவை மதமாக அங்கீகரித்தது. இவ்வளவு அடி வாங்கிய ஒரு வழிபாட்டைக் கொலைக்கு உருவேற்றும் யந்திரமாக்குவது அநியாயம்.

நெய்தல்:
மரியாதை வேண்டும், சரி. அதற்காகத் தெய்வத்தைக் கதையில் தொடவே கூடாது என்றால் ஏற்க மாட்டேன். ஹைட்டி எழுத்தாளர்களே தொட்டிருக்கிறார்கள்.

மாறன்:
இன்னொரு பிழை. கதையில் அந்த மந்திரவாதி சந்தையில் பெயர்ப்பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறார். ஓபியா அன்று குற்றம். ஜமைக்காவில் டாக்கி என்பவர் தலைமையில் நடந்த அடிமைகள் கிளர்ச்சியை அடுத்து 1760-இலேயே சட்டம் போட்டார்கள். டிரினிடாடில் 2000-இல்தான் தடை நீங்கியது. ஆகவே பக்கத்து வீட்டுப் பெண் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டும், இருட்டிய பிறகு பின்வாசலால் போக வேண்டும், காசு கைமாறுவதை யாரும் பார்க்கக் கூடாது. வெள்ளிக் கத்தியை எடுத்துவிட்டால் காலியாகும் இடத்தில் இந்தக் காட்சியை வைக்கலாம்.

தாழை:
நெய்தல் சொன்ன வடிவத்தில் எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள். ஊர் காட்டும் ஒரே சாட்சி, காலையில் ஒருத்தி கையில் கன்றிப்போன நீலத் தழும்பு. அது தோட்ட வேலையில் பட்டதாக இருக்கலாம், புருஷன் அடித்ததாகவும் இருக்கலாம். அந்தத் தழும்பைக் கதையின் முதல் பக்கத்திலேயே வாசகர் பார்த்திருக்க வேண்டும். கல்லுப்போடு உரலைத் தேடிப் போகிறவள் அதே பெண்ணாக இருக்கட்டும்.