ஃப்ரீஆர்டாஸில் டாஸ்க்குகளின் சிபியு பயன்பாடு 100 சதவீதத்தைத் தாண்டிக் காட்டுவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்டிஎம்32எஃப்407 சிப்பில், பல வேலைகளை (டாஸ்க்குகளை) மாற்றி மாற்றி ஓட்டும் சிறிய இயங்குதளமான ஃப்ரீஆர்டாஸை இயக்கி, மோட்டார் கட்டுப்பாட்டு போர்டு ஒன்றைச் செய்து வருகிறேன். டிக், அதாவது இயங்குதளத்தின் நேரத் துடிப்பு, 1000 ஹெர்ட்ஸ். ஏடிசி (அனலாக் அளவை எண்ணாக மாற்றும் பகுதி) தரும் இன்டரப்ட், அதாவது ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு, 20 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. ஒவ்வொரு டாஸ்க்கும் சிபியுவை எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கிறது என்று அறிவதற்காக, கெர்னலின் (இயங்குதள மையத்தின்) ரன்-டைம் ஸ்டாட்ஸ் வசதியை இயக்கி, அதற்கான கடிகாரமாக சிபியுவின் கிளாக் சுற்றுகளை எண்ணும் டிடபிள்யூடி சைக்கிள் கவுன்ட்டரைக் கொடுத்திருக்கிறேன். ரீசெட் செய்ததும் சீரியல் திரையில் வரும் அட்டவணை நம்பும்படியாகவே இருக்கிறது. வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஆனால் அரை நிமிடம் ஆவதற்குள் அதே ஐடில் வரி ஆயிரம் சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இதற்குக் காரணம் என்ன? அந்த 80 சதவீதம் உண்மையானால், 2 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஓட வேண்டிய ஃபில்ட்டர் டாஸ்க் ஒன்றைச் சேர்க்க அதை நம்பலாமா?

பதில் 1

சைக்கிள் கவுன்ட்டர் 32 பிட் அகலமுள்ளது. அது சுமார் 429 கோடி வரை எண்ணிவிட்டு மீண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். வினாடிக்கு 16.8 கோடி வீதம் எண்ணினால் அது 25.6 வினாடியில் நிகழும். டாஸ்க் மாறும் ஒவ்வொரு முறையும், வெளியேறும் டாஸ்க் ஓடிய நேரத்தை கெர்னல் அதன் கணக்கில் கூட்டிக்கொண்டே போகிறது. ஆனால் மொத்த நேரமாக எடுத்துக்கொள்வது அந்தக் கணக்குகளின் கூட்டுத்தொகையை அல்ல, கடிகாரத்தின் அப்போதைய மதிப்பை மட்டுமே. எனவே 27-ஆவது வினாடியில், ஐடிலின் கணக்கில் ஏறத்தாழ 21 வினாடி சேர்ந்திருக்க, மொத்தமோ ஒன்றரை வினாடிக்கும் குறைவு என்று நிற்கும். வகுத்துப் பாருங்கள், உங்கள் திரையில் வந்த எண்தான் கிடைக்கும்.

கடிகாரம் டிக்கைவிட 10 முதல் 100 மடங்கு வேகமாக இருந்தால் போதும் என்பது ஃப்ரீஆர்டாஸ் ஆவணத்தின் பரிந்துரை. டைமர் 2 உங்கள் சிப்பில் 32 பிட் அகலமுள்ளது. அதை 100 கிலோஹெர்ட்ஸில் ஓடவிட்டால் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் சுற்றி வரும். புதிய பதிப்புகளில் இந்தக் கணக்கை 64 பிட்டாக வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

பதில் 2

மேலே சொன்ன காரணம் சரியானது. 100 கிலோஹெர்ட்ஸ் என்ற தேர்வைத்தான் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்த வேகத்தில் ஓர் எண்ணிக்கை 10 மைக்ரோவினாடி. உங்கள் டிக்கும் டைமர் 2-உம் ஒரே கிளாக்கிலிருந்து பிறப்பவை என்பதால், டிக் வந்ததும் எழுந்து 6 மைக்ரோவினாடியில் முடிந்துவிடும் ஒரு டாஸ்க், ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையின் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும். எத்தனை மணி நேரம் அளந்தாலும் அதன் கணக்கில் ஒன்றுமே ஏறாமல் போகலாம், அல்லது ஒவ்வொரு முறையும் முழு 10 மைக்ரோவினாடி ஏறலாம். இந்தப் பிழை சராசரியில் கரைந்து போகாது. ஆகவே 84 மெகாஹெர்ட்ஸ் டைமர் கிளாக்கை 84-ஆல் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். அது 71 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும் என்றாலும், ரீசெட்டிலிருந்து கூட்டாமல், வினாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு டாஸ்க்கின் கணக்கையும் எடுத்து, முந்தைய மதிப்பைக் குறியில்லா 32 பிட் எண்ணாகக் கழித்தால் சுற்று உங்களைப் பாதிக்காது. தவிர, ரீசெட்டிலிருந்து கூட்டிய சதவீதம், இப்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவே சொல்லாது.

ஐடிலில் சிபியுவைத் தூங்க வைக்கிறீர்களா என்றும் பாருங்கள். தூக்கத்தில் கோர் கிளாக் நிற்கும்போது சைக்கிள் கவுன்ட்டரும் நின்றுவிடுவதால், ஐடில் நேரம் கணக்கில் வராமல் மற்ற டாஸ்க்குகள் உப்பித் தெரியும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. டைமர் 2-க்கு மாற்றி, வினாடிக்கொரு வித்தியாசம் எடுத்ததும் எண்கள் நிலைத்துவிட்டன. ஐடில் இப்போதும் 80-ஐ ஒட்டியே இருக்கிறது. ஏடிசி இன்டரப்ட்டில் சிப்பின் ஒரு பின்னின் மின்னழுத்தத்தை உயர்த்தி இறக்கி ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 மைக்ரோவினாடி ஆகிறது. இந்த நேரம் அட்டவணையில் எங்கே போகிறது?

பதில் 3

அட்டவணையில் இன்டரப்ட்டுக்கென்று தனி வரி கிடையாது. எந்த டாஸ்க் ஓடும்போது இன்டரப்ட் வந்ததோ, அதன் கணக்கில்தான் அந்த நேரமும் ஏறும். வினாடிக்கு 20,000 முறை, முறைக்கு 6 மைக்ரோவினாடி என்றால் அதுவே 12 சதவீதம். பெரும்பாலான நேரம் ஐடில் ஓடுவதால் அதில் பெரும்பங்கு ஐடிலின் பெயரில் பதிவாகிறது. ஆகவே உங்களிடம் உண்மையில் ஓய்வாக இருப்பது 80 அல்ல, 70-ஐ ஒட்டித்தான் இருக்கும். துல்லியமாக வேண்டுமானால், இன்டரப்ட்டின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் சைக்கிள் கவுன்ட்டரைப் படித்து, வித்தியாசத்தைத் தனியே கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இன்டரப்ட் வந்தால் உள்ளே நடந்ததன் நேரத்தை வெளியே இருப்பதிலிருந்து கழிக்க மறக்க வேண்டாம்.

ஃபில்ட்டர் டாஸ்க்கைப் பொறுத்தவரை, சராசரிப் பயன்பாட்டை வைத்து முடிவெடுப்பது எனக்கு உடன்பாடில்லை. கணினி ஆய்வாளர்கள் லியூவும் லேலண்டும் 1973-இல் நிறுவியபடி, ஒன்றையொன்று சாராத, குறித்த இடைவெளியில் ஓடும் டாஸ்க்குகளுக்குக் குறைந்த இடைவெளி உள்ளதற்கே உயர்ந்த முன்னுரிமை என்று கொடுத்தால், மொத்தப் பயன்பாடு 69.3 சதவீதத்துக்குள் இருக்கும்வரை எதுவும் கெடுவைத் தவறவிடாது. ஆனால் அந்தக் கூட்டலில் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் போட வேண்டியது அதிகபட்ச ஓட்ட நேரமே. உங்கள் அட்டவணை தருவதோ சராசரி. எனவே ஏடிசி இன்டரப்ட்டை 50 மைக்ரோவினாடி இடைவெளியுள்ள ஒரு டாஸ்க்காகவே சேர்த்துக்கொண்டு, மற்றவற்றின் அதிகபட்சத்தை அளந்து கூட்டுங்கள். பிறகு ஃபில்ட்டரை எழுப்பும் இடத்தில் பின்னை உயர்த்தி, அது வேலையை முடிக்கும் இடத்தில் இறக்கி, ஸ்கோப்பைத் திரை அழியாத நிலையில் வைத்து, மோட்டாரை முழுச் சுமையில் ஓடவிட்டுப் பாருங்கள். பதிவாகும் துடிப்புகளில் மிக அகலமானது 2 மில்லிவினாடியை நெருங்கினால், ஐடில் எத்தனை சதவீதம் காட்டினாலும் அந்த டாஸ்க்கைச் சேர்க்காதீர்கள்.