‘கடத்தல் நாடு’ வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு நாட்டின் எரிவாயு குழாய் வழியே இன்னொரு நாட்டுக்குப் போகும்போது நடுவில் கடக்கும் நாட்டை ஆங்கிலத்தில் டிரான்சிட் நாடு என்கிறார்கள்; ரஷ்ய வாயு ஐரோப்பாவுக்குப் போன வழியில் உக்ரைன் அப்படி இருந்தது. இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில், ஐயா ஒருவர் ‘கடத்தல் நாடு’ என்று முன்மொழிந்திருக்கிறார். மின்சாரத்தைக் கடத்தலாம், வெப்பத்தைக் கடத்தலாம், வாயுவுக்கு மட்டும் என்ன தடை என்பது அவர் கேள்வி. இலக்கணப்படி குறையில்லை. ஆனால் ‘உக்ரைன் வழியே எரிவாயுக் கடத்தல்’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் போலீஸைத் தேடுவார். 2006, 2009 ஜனவரிகளில் ரஷ்யா சொன்ன புகாரே உக்ரைன் வாயுவைத் திருடுகிறது என்பதுதான். நம் சொல்லே ஒரு கட்சி சேர்ந்துவிடக் கூடாது.

‘சுங்க நாடு’ம் சரிப்படாது. சுங்கம் சரக்குக்கு; இங்கே காசு குழாயில் இடம் பிடிப்பதற்கு. 2019 டிசம்பரில் ரஷ்யாவும் உக்ரைனும் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் மொத்தம் 22,500 கோடி கன மீட்டருக்கு இடம் பதிவானது. வாயு அனுப்பாவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். லாட்ஜில் அறை எடுத்துவிட்டு வராமல் போன மாதிரி.

என் பரிந்துரை: இடைவழி நாடு, இடைவழிக் கட்டணம். ரஷ்யப் பக்கம் எல்லையோர ஊரான சூட்ஜாவில் அளவு பார்த்து அனுப்பிய வாயு, உக்ரைனின் மேற்கு எல்லையில் உஷ்ஹோரோத் அருகே ஸ்லோவாக்கியாவுக்குள் போனது. நடுவில் உள்ளது முழுக்க இடைவழி. 2024 ஆகஸ்டில் உக்ரைன் படை சூட்ஜாவையே பிடித்த பிறகும் அந்த வாயு ஓடிக்கொண்டுதான் இருந்தது! ஒப்பந்தம் முடிந்து, 2025 ஜனவரி 1 அன்றுதான் நின்றது.

‘இடைவழி’ என்றால் பாதியில் நின்றுபோனது போலத் தொனிக்கிறதே என்று யாராவது கேட்கலாம். நின்றதே! ரஷ்யா–உக்ரைன் சண்டையில் வாயு வராமல், 2009 ஜனவரி 7 முதல் 20 வரை பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் நடுக்குளிரில் தவித்தன.

அப்புறம், இதில் ஒரு கூடுதல் லாபம். ஊருக்குள் நுழையாமல் போகும் சாலையைப் புறவழிச்சாலை என்கிறோம். பால்டிக் கடலடியில் போட்ட நார்ட் ஸ்ட்ரீம், கருங்கடலடியில் போட்ட டர்க் ஸ்ட்ரீம், இரண்டும் உக்ரைனைத் தொடாதவை. ‘புறவழிக் குழாய்’ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. வழிநெடுக உள்ள அழுத்த நிலையங்கள், குழாயில் வரும் வாயுவிலேயே கொஞ்சத்தை எரித்துத்தான் மீதியை முன்னே தள்ளுகின்றன. அந்தக் கொஞ்சம் யார் கணக்கில் என்பதும் 2009 சண்டையில் ஒரு பங்கு. அதற்கு ‘வழிச்செலவு வாயு’ எனலாமா? வீட்டில் கேட்டேன். ‘கட்டுச்சோறு’ என்று பதில் வந்தது.