டிவியில் ஒப்புக்கொண்டார், கோர்ட்டில் தப்பித்தார்: ஆலிவர் நார்த் வழக்கில் தீர்ப்பு சரியா?

கொடுமுடியான்:
அமெரிக்க அரசு ஆட்கள் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தக் காசில் கொஞ்சத்தை நிகரகுவாவின் கான்ட்ராக்களுக்கு, அதாவது அந்நாட்டு அரசை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்களுக்கு, திருப்பிவிட்ட விவகாரம். அதை நடத்திய வெள்ளை மாளிகை அதிகாரி ஆலிவர் நார்த், 1987 ஜூலையில் மரீன் சீருடையில் வந்து காங்கிரஸ் குழு முன் ஆறு நாள் சாட்சி சொன்னார், அமெரிக்காவே டிவியில் பார்த்தது. காகிதங்களைக் கிழித்துப் போட்டேன் என்று தன் வாயாலேயே சொன்னார். அதுவும் விசாரிக்க வந்த நீதித்துறை ஆட்கள் அவர் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதே மெஷின் ஓடியதாம்! 1989-ல் ஜூரி 12 குற்றச்சாட்டில் மூன்றில் குற்றவாளி என்றது. அடுத்த வருஷமே அப்பீல் கோர்ட் அதைத் தூக்கிவிட்டது. இதெல்லாம் நீதியா?

வக்கீல்குமாஸ்தா:
அண்ணே, அவர் ஆசைப்பட்டா வந்து பேசினார்? முதலில், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்கிற ஐந்தாவது அரசியலமைப்புத் திருத்தத்தைக் காட்டி வாய் திறக்க மறுத்தவர்தானே. சொல்வதை உங்கள் மேல் திருப்ப மாட்டோம் என்று விலக்கு கொடுத்துத்தான் காங்கிரஸ் பேச வைத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1972 காஸ்டிகர் தீர்ப்புப்படி, அப்படிக் கறந்த வாக்குமூலத்தையும் தொடக்கூடாது, அதிலிருந்து கிளைத்த ஆதாரத்தையும் தொடக்கூடாது. வேறு வழியில் கிடைத்தது என்று நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு.

கொடுமுடியான்:
அதற்காக இந்த வழக்கை நடத்திய தனி அரசு வக்கீல் வால்ஷின் டீம் விரதமே இருந்தது தம்பி. கையில் இருந்த ஆதாரத்தை முன்கூட்டியே சீல் வைத்தார்கள், டிவி பார்க்கவில்லை, பேப்பரில் அந்தச் செய்தியைப் படிக்கவில்லை. இதற்கு மேல் என்ன செய்ய?

வக்கீல்குமாஸ்தா:
வக்கீல்கள் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள், சரி. சாட்சிகள்? ரீகனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மக்ஃபார்லேன் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி. நார்த் பேசியதைக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கி மறுபடி காங்கிரஸ் முன் வந்தவர். அவர் மனசில் எது சொந்த ஞாபகம், எது நார்த்திடம் கேட்டது என்று யார் பிரிப்பது? அதனால்தான் ஒவ்வொரு சாட்சியாக, வரி வரியாகப் பார்க்கச் சொன்னது அப்பீல் கோர்ட்.

பிள்ளையார்சுழி:
குறுக்கே வருகிறேன். இது நம்மூர் அப்ரூவர் மாதிரியா?

வக்கீல்குமாஸ்தா:
இல்லைங்க. அப்ரூவருக்குக் கோர்ட் மன்னிப்பே கொடுக்கிறது, முழு உண்மையைச் சொன்னால் அந்த வழக்கிலிருந்தே வெளியே வரலாம். அங்கே பேச்சுக்குத்தான் காப்பு, குற்றம் அப்படியே இருக்கும்.

கொடுமுடியான்:
அப்படியானால் நாளைக்கு பெரிய புள்ளி எவனும் டிவியில் சத்தமாகப் பேசினால் போதும், சாட்சியெல்லாம் கெட்டுப்போச்சு என்று அவன் வக்கீல் எழுந்து நிற்பார். அப்பீல் கோர்ட் பெஞ்சில் இருந்த தலைமை நீதிபதி வால்டே இதை ஏற்காமல் மாற்றுத் தீர்ப்பு எழுதினார்.

வக்கீல்குமாஸ்தா:
பெரிய புள்ளி தானாகப் போய்ப் பேசினால் காப்பே கிடையாது அண்ணே, விலக்கு கொடுத்தால்தான். இங்கே கொடுக்காதீர்கள் என்று வால்ஷே தலைபாடாக அடித்துக்கொண்டார், காங்கிரஸ் கேட்கவில்லை. அந்தக் கோபத்தை அங்கே காட்டுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு சாட்சி 'பேசினால் நானும் மாட்டுவேன்' என்று ஒதுங்கினால், அவருக்கு விலக்கு கேட்கும் அதிகாரம் அரசு வக்கீலிடம்தான் இருக்கிறது. 1980-ல் மூன்றாம் சர்க்யூட் என்கிற மத்திய அப்பீல் கோர்ட், நீதிபதியே கொடுக்கலாம் என்றது, 2013-ல் அதையும் வாபஸ் வாங்கிவிட்டது.

கொடுமுடியான்:
பேச்சை மாற்றாதீங்க. 1991 செப்டம்பரில் என்ன நடந்தது? மக்ஃபார்லேனே கோர்ட்டுக்கு வந்து, நார்த் சொன்னது என் சாட்சியத்தைப் பாதித்தது என்றார், வால்ஷ் வழக்கைக் கைவிட்டார். அந்த மனுஷர் நார்த்தின் பழைய மேலதிகாரி!

வக்கீல்குமாஸ்தா:
பழைய மேலதிகாரி என்று தெரிந்துதானே அரசுத் தரப்பு அவரைக் கூண்டில் ஏற்றியது?