புதிய டிரைவுக்கு மாற்றிய விளையாட்டில் பழைய பண்ணையைக் காணவில்லை

சுங்கை சிப்புட் அக்கா:
வணக்கம். அவசர உதவி தேவைப்படுகிறது. கணினி விளையாட்டின் கோப்புறையை முழுவதுமாகப் புதிய டிரைவுக்கு நகலெடுத்தேன். விளையாட்டு திறக்கிறது; ஆனால் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற என் அம்மாவும் தம்பியும் மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து வளர்த்த பண்ணை அதில் இல்லை. அம்மா இரண்டு நாளாகக் கணினிப் பக்கமே வரவில்லை. பழைய டிரைவை இன்றிரவு ஃபார்மட் செய்வதாக இருக்கிறேன்.

பீடோர் அண்ணன்:
தங்கச்சி, ஃபார்மட் செய்யாதீர்கள். எந்த விளையாட்டு? ஸ்டீம் இணையக் கடையில் வாங்கியதா? விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது?

தாப்பா தம்பி:
ஸ்டீமின் இணையச் சேமிப்பிடமான கிளவுடில் நிச்சயம் இருக்கும், அக்கா. அதை இயக்கினால் போதும்.

கூலிம் மூத்தவர்:
இதே கேள்விக்குப் பலமுறை விடை எழுதிவிட்டேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பதே முறை. புதிய டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் இருக்கும்; அதை ஃபார்மட் செய்து என்டிஎஃப்எஸ் அமைப்புக்கு மாற்றுங்கள்.

பீடோர் அண்ணன்:
ஐயா, டிரைவின் அமைப்பு தவறாக இருந்தால் விளையாட்டைத் திறப்பதிலேயே சிக்கல் வந்திருக்கும். தயவுசெய்து, அவர் விவரம் சொல்லும்வரை எந்த டிரைவையும் அழிக்கச் சொல்லாதீர்கள்.

சுங்கை சிப்புட் அக்கா:
ஸ்டார்டியூ வேலி, ஸ்டீமில் வாங்கியது. கைப்பேசி இணையத்தை மிச்சப்படுத்தத் தம்பி கிளவுடைத் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தான். கடைக்காரர் புதிய எஸ்எஸ்டி டிரைவில் விண்டோஸைப் புதிதாக நிறுவினார். பழைய வன்தட்டு இப்போது டி டிரைவாகத் தெரிகிறது. இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை, மன்னிக்கவும்.

பீடோர் அண்ணன்:
காரணம் அதுதான். ஸ்டீமில் விளையாட்டு இருப்பது ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள்ளே உள்ள காமனில். இந்த விளையாட்டின் சேமிப்போ, அதாவது விளையாடிய நிலையைப் பதிந்துவைக்கும் கோப்புகளோ, விண்டோஸ் பயனரின் கோப்புறையில் தனியாக இருக்கிறது. ஸ்டீமின் ஸ்டோரேஜ் பகுதியில் ‘மூவ்’ கொடுத்து மாற்றியிருந்தாலும் அது கூடவே வந்திருக்காது. டி டிரைவில் யூசர்ஸ், அதில் பழைய பயனர் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், ஸ்டார்டியூவேலி, சேவ்ஸ் என்று வரிசையாகச் செல்லுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், ‘வியூ’ பட்டியலில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் தெரியும். அனுமதி கேட்டால் ‘கன்டினியூ’ கொடுக்கலாம். சேவ்ஸுக்குள்ளே பெயரும் எண்ணும் சேர்ந்த கோப்புறைதான் பண்ணை. விளையாட்டை மூடிவிட்டு, அதை முழுமையாக சி டிரைவில் இதே வழியில் உள்ள சேவ்ஸுக்கு நகலெடுங்கள். உள்ளிருக்கும் கோப்பை மட்டும் எடுத்தால் போதாது.

கூலிம் மூத்தவர்:
நகல் எதற்கு? எம்கேலிங்க் கட்டளையால் பழைய இடத்துக்கு ஓர் இணைப்பு போட்டால் போதும். இத்தனை ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

தாப்பா தம்பி:
ஐயா, அந்த இணைப்பு பழைய வன்தட்டையே நம்பி நிற்கும். பல ஜிகாபைட் விளையாட்டுக்கு அது பயன்படலாம்; சில மெகாபைட் சேமிப்புக்காக, அழிக்கப்போகும் தட்டை ஏன் நம்பவேண்டும்? கிளவுட் என்று அவசரப்பட்டது என் தவறு.

கூலிம் மூத்தவர்:
தட்டை அழிக்காவிட்டால் என் வழியில் குறையில்லை.

பீடோர் அண்ணன்:
இருக்கட்டும், ஐயா. தங்கச்சி, இன்னொரு நகலைப் பென்டிரைவிலும் வையுங்கள். பின்னாளில் கிளவுடை இயக்கும்போது, கணினியில் உள்ளதா, கிளவுடில் உள்ளதா என்று ஸ்டீம் கேட்டால், தேதியைப் பார்க்காமல் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். தவறானதை எடுத்தால் மற்றது அழிந்துவிடும்.

சுங்கை சிப்புட் அக்கா:
கிடைத்துவிட்டது. அம்மா விளையாடிக்கொண்டிருக்கிறார். நன்றி, அண்ணா.